பாஸ்கா எந்த நாளில்? வழக்கமே வழக்கான கதை

கேள்வி இது: "ஈஸ்டர் ஏன் ஒவ்வோர் ஆண்டும் வேறு வேறு தேதியில் வருகிறது? முதல் கிறிஸ்தவர்கள் யூதர்களின் பாஸ்கா நாளிலேயே கொண்டாடினார்கள் என்றும், 325-இல் நிசேயாவில் கூடிய சங்கத்தில் பேரரசர் கான்ஸ்டன்டைன் அதை ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்றிவிட்டார் என்றும் படித்தேன். இது சரியா?"

பாதி சரி. முதல் கிறிஸ்தவர்களில் ஒரு பகுதியினர் யூதர்களின் பாஸ்கா நாளிலேயே கொண்டாடியது உண்மை. ஆனால் ஞாயிறன்று கொண்டாடும் பழக்கம், கான்ஸ்டன்டைன் பிறப்பதற்கு ஏறத்தாழ எண்பது ஆண்டுகளுக்கு முன்பே ரோமிலும் பாலஸ்தீனத்திலும் எகிப்திலும் வேரூன்றியிருந்தது. நிசேயாவில் முடித்துவைக்கப்பட்டது வேறொரு தகராறு. அதுவும் உடனே முடிந்துவிடவில்லை. தமிழில் 'வழக்கு' என்ற ஒரே சொல் பழக்கத்தையும் குறிக்கும், தகராறையும் குறிக்கும். ஈஸ்டர் தேதியின் கதையைச் சொல்ல இதைவிடப் பொருத்தமான சொல் எனக்குக் கிடைக்கவில்லை. ஒவ்வோர் ஊரும் தன் முன்னோரிடமிருந்து பெற்ற வழக்கம், அடுத்த ஊர்க்காரரைச் சந்தித்த அன்றே வழக்காகிவிட்டது.

முதலில் அடிப்படை. பாஸ்கா என்பது எகிப்தின் அடிமைத்தனத்திலிருந்து விடுதலை பெற்றதை யூதர்கள் நினைவுகூரும் விழா. இயேசுவின் உயிர்ப்பு விழாவான ஈஸ்டரையும் கிறிஸ்தவர்கள் அதே பெயரால் அழைத்தார்கள். யூதர்களின் பாஸ்கா, அவர்களுடைய வசந்த கால மாதமான நிசானின் 14-ஆம் நாளில் வருகிறது. அன்று பிற்பகலில் ஆட்டுக்குட்டியைப் பலியிடுவார்கள். பொழுது சாய்ந்ததும் விருந்து. அவர்களுக்கு நாள் என்பது மாலையில் தொடங்குவதால், அந்த விருந்து 15-ஆம் நாள் கணக்கில் விழும். பிறை கண்டு மாதம் தொடங்குவதால் 14 என்பது ஏறக்குறைய பௌர்ணமி. இயேசு இறந்தது இந்தப் பாஸ்காவை ஒட்டித்தான் என்பதில் நான்கு நற்செய்திகளும் ஒன்றுபடுகின்றன. எந்த நாள் என்பதில்தான் சிக்கல். மத்தேயு, மாற்கு, லூக்கா மூவரின்படி இயேசு சீடர்களோடு உண்ட கடைசி இரவுணவே பாஸ்கா விருந்து. ஆகவே அவர் இறந்தது 15-ஆம் நாளில். யோவானின்படி அவர் சிலுவையில் அறையப்பட்டது பாஸ்காவுக்கு ஆயத்த நாளில், அதாவது ஆடுகள் பலியாகும் 14-ஆம் நாளில். உயிர்த்தெழுந்தது வாரத்தின் முதல் நாள், ஞாயிறு.

ஆக, கையில் இரண்டு அடையாளங்கள்: நிலவின் 14-ஆம் நாள், வாரத்தின் முதல் நாள். ஒன்று நிலவைப் பார்த்து வருவது, மற்றொன்று ஏழு ஏழாக எண்ணி வருவது. இரண்டும் ஒரே நாளில் விழுவது எப்போதாவதுதான். எதைப் பிடித்துக்கொள்வது?

சின்ன ஆசியாவில், அதாவது இன்றைய துருக்கியின் மேற்குப் பகுதியில், 14-ஐப் பிடித்துக்கொண்டார்கள். எபேசு, சிமிர்னா, சர்தை, லவோதிக்கேயா ஆகிய ஊர்கள் தமிழ் வாசகருக்குப் புதியவை அல்ல. திருவெளிப்பாட்டில் கடிதம் பெறும் ஏழு சபைகளில் நான்கு இவை. அங்கே கிழமை எதுவானாலும் நிசான் 14 அன்று நோன்பை முடித்துப் பாஸ்கா கொண்டாடினார்கள். பிற்காலத்தில் இவர்களுக்குப் 'பதினான்காம் நாள்காரர்கள்' என்ற பொருளில் ஒரு லத்தீன் பெயர் ஒட்டிக்கொண்டது. இவர்கள் யூதரைப் பார்த்து நடந்தவர்கள், யூத மதத்துக்கு இணக்கமானவர்கள் என்று சிலர் எழுதுகிறார்கள். அது சரியல்ல. இவர்களில் ஒருவரான சர்தை ஆயர் மெலித்தோவின் பாஸ்கா மறையுரை 20-ஆம் நூற்றாண்டில் கண்டெடுக்கப்பட்டு 1940-இல் அச்சானது. மொழியழகு ததும்பும் உரை அது. அதே உரையில் இஸ்ராயேலரைக் குற்றம் சாட்டும் பகுதி கொடுமையாக இருக்கிறது. நாள் ஒன்றாக இருந்தது. மனம் ஒன்றாக இல்லை. மெலித்தோவுக்கு அந்த நாளின் பொருளே வேறு. பாஸ்கா என்ற எபிரேயச் சொல்லைக் கிரேக்கத்தில் 'துன்புறுதல்' என்பதற்கான சொல்லோடு ஒலியால் இணைத்து, ஆட்டுக்குட்டியின் சாவும் கிறிஸ்துவின் பாடும் வெற்றியும் ஒரே இரவில் கூடுவதாக அவர் விளக்கினார். வெள்ளி துக்கம், ஞாயிறு மகிழ்ச்சி என்று நாம் பிரித்துக் கொண்டாடுவதை அவர்கள் ஒரே இரவில் கண்டார்கள்.

இப்போது ரோமுக்கு வருவோம். ஏறத்தாழ 155-இல் சிமிர்னாவின் ஆயர் பொலிகார்ப் கப்பலேறி ரோமுக்குப் போனார். முதியவர், யோவானை நேரில் அறிந்தவர் என்று அவரைப் பற்றிச் சொல்லப்பட்டது. அங்கே ஆயராக இருந்த அனிசெத்துஸ் என்பவரோடு பல விஷயங்கள் பேசினார். அவற்றில் இதுவும் ஒன்று. 'ஆண்டவரின் சீடர் யோவானோடும் மற்றத் தூதர்களோடும் நான் இந்த நாளைக் கடைப்பிடித்திருக்கிறேன், விடமுடியாது' என்பது பொலிகார்ப்பின் நிலை. 'எனக்கு முன்னிருந்த மூப்பர்களின் வழக்கத்தை நான் விடமுடியாது' என்பது அனிசெத்துஸின் நிலை. இருவரும் அசையவில்லை. பிறகு என்ன நடந்தது என்பதுதான் இந்த வரலாறு முழுவதிலும் நான் மிகவும் நேசிக்கும் இடம். அனிசெத்துஸ் தம் சபையில் நற்கருணைக் கொண்டாட்டத்தை, அதாவது அப்பமும் இரசமும் பகிரும் வழிபாட்டை, நடத்தும் இடத்தைப் பொலிகார்ப்புக்கு மரியாதையோடு விட்டுக்கொடுத்தார். ஒருவர் கருத்தை மற்றவர் ஏற்காமலே, சமாதானமாகப் பிரிந்தார்கள். (அந்தக் காலத்து ரோமில் ஆண்டுக்கொரு பாஸ்கா விழாவே இருந்ததில்லை, வாரந்தோறும் ஞாயிறுதான் உயிர்ப்பு விழா என்று கருதும் அறிஞர்களும் உண்டு. மூலக் கிரேக்கத்தில் 'கடைப்பிடிப்பது', 'கடைப்பிடிக்காமல் இருப்பது' என்று மட்டும் இருப்பதால் அப்படியும் படிக்க இடமிருக்கிறது.)

ஒரு தலைமுறை கழிந்தது. 190-ஐ ஒட்டிய ஆண்டுகளில் ரோமின் ஆயர் விக்டர், வட ஆப்பிரிக்கக்காரர். ரோம் அப்போது பல நாட்டவர் வந்து குடியேறிய நகரம். சின்ன ஆசியாவிலிருந்து வந்தவர்கள் தங்கள் ஊர் நாளிலேயே விழா கொண்டாட, பக்கத்துத் தெருக் கிறிஸ்தவர் இன்னும் நோன்பிருப்பார். பிளாஸ்துஸ் என்ற ஒருவர் 14-ஆம் நாளை ரோமிலேயே வலியுறுத்திப் பிளவு உண்டாக்கினார் என்றும் குறிப்புகள் உள்ளன. அனிசெத்துஸுக்கு அது ஒரு விருந்தாளியின் வழக்கமாக இருந்தது. விக்டருக்கு அது தம் வீட்டுக்குள்ளேயே நடக்கும் பிளவாகிவிட்டது. அவருடைய கடுமையை நான் ஏற்கவில்லை. ஆனால் அதன் காரணம் வெறும் அதிகார ஆசை என்று தள்ளிவிடவும் மனம் வரவில்லை.

பல நாடுகளில் ஆயர்கள் கூடினார்கள். பாலஸ்தீனத்தில் செசரியாவின் தெயோபிலுவும் எருசலேமின் நர்சிசுவும், பொந்துவில் பால்மாஸ், கொரிந்துவில் பக்கில்லு, இன்றைய பிரான்சின் லியோனில் இரனேயு, கிழக்கே ஒஸ்ரோயேன் நாட்டுச் சபைகள் என்று எல்லாரும் ஞாயிறுக்கே சாட்சி சொன்னார்கள். பாலஸ்தீனத்தார், 'நாங்களும் எகிப்தின் அலெக்சாந்திரியாவும் ஒருவருக்கொருவர் கடிதம் எழுதி ஒரே நாளில் கொண்டாடுகிறோம்' என்று தெரிவித்தார்கள். ஆசியாவின் சார்பில் பதில் எழுதியவர் எபேசு ஆயர் பொலிக்ராத்தஸ். அந்தக் கடிதத்தை வரலாற்றாசிரியர் யூசேபியு தம் திருச்சபை வரலாற்றின் ஐந்தாம் நூலில் காப்பாற்றி வைத்திருக்கிறார். அதில் வாதம் குறைவு, கல்லறைகளே அதிகம். எராப்போலியில் உறங்கும் பிலிப்புவும் அவர் மகள்களும், ஆண்டவரின் மார்பில் சாய்ந்திருந்த யோவான் உறங்கும் எபேசு, சிமிர்னாவின் மறைசாட்சி பொலிகார்ப், லவோதிக்கேயாவில் சகாரிஸ், சர்தையில் மெலித்தோ. 'இவர்கள் எல்லாரும் 14-ஆம் நாளைக் கடைப்பிடித்தார்கள். என் உறவினரில் எழுவர் ஆயர்கள், நான் எட்டாமவன். ஆண்டவரில் 65 ஆண்டுகள் வாழ்ந்தவன். மிரட்டலுக்கு அஞ்சமாட்டேன், என்னைவிடப் பெரியவர்கள், மனிதரைவிடக் கடவுளுக்கே கீழ்ப்படிய வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்கள்' என்கிறார். குலதெய்வக் கோயிலில் முன்னோர் நடத்திய முறையை மாற்றச் சொன்னால் நம் ஊர்ப் பெரியவர் ஒருவர் எந்தக் குரலில் பேசுவாரோ, அந்தக் குரல் இந்தக் கடிதத்தில் கேட்கிறது.

விக்டர் ஆசியச் சபைகள் அனைத்தையும் உறவிலிருந்து வெட்ட முனைந்து கடிதங்கள் அனுப்பினார். அவர் பக்கம் நின்ற ஆயர்களே அதை எதிர்த்தார்கள். முன்னால் வந்தவர் லியோனின் இரனேயு. இவர் சின்ன ஆசியாவில் வளர்ந்தவர், சிறுவனாகப் பொலிகார்ப்பின் பேச்சைக் கேட்டவர். ஆனால் லியோனில் ஞாயிற்றுக்கிழமைதான் கொண்டாடினார். இரண்டு வழக்கங்களையும் உள்ளிருந்து அறிந்தவர் அவர். விக்டருக்கு அவர் எழுதியதன் சாரம் இது: நாளில் மட்டுமா வேறுபாடு? நோன்பிலும்தான். சிலர் ஒரு நாள் இருக்கிறார்கள், சிலர் இரண்டு நாள், சிலர் அதற்கு மேல், சிலர் இரவும் பகலும் சேர்த்து நாற்பது மணி நேரம். இது நம் காலத்தில் தொடங்கியதல்ல. இருந்தும் எல்லாரும் சமாதானமாக வாழ்ந்தார்கள். நோன்பில் உள்ள வேறுபாடு விசுவாசத்தின் ஒருமையை உறுதிப்படுத்துகிறது. உமக்கு முன்னிருந்த ரோம் மூப்பர்கள், 14-ஆம் நாள்காரர்களுக்கு நற்கருணையை அனுப்பிவைத்தார்கள். அனிசெத்துஸ், பொலிகார்ப் சந்திப்பு நமக்குத் தெரியவருவதே இந்தக் கடிதத்தால்தான். கிரேக்கத்தில் இரனேயு என்றால் சமாதானக்காரர். பெயருக்கேற்ப நடந்தார் என்று யூசேபியுவே வியந்து எழுதுகிறார். 2022-இல் ரோம் அவரை மறைவல்லுநராக, அதாவது திருச்சபையின் பெரும் ஆசிரியராக, அறிவித்தபோது கொடுத்த பட்டம் 'ஒற்றுமையின் மறைவல்லுநர்'.

ஞாயிறா பதினான்கா என்ற முதல் வழக்கு இதுதான். அடுத்த நூறு ஆண்டுகளில் 14-ஆம் நாள் வழக்கம் மெல்லத் தேய்ந்தது. நிசேயாவுக்குப் பின் கான்ஸ்டன்டைன் எழுதிய கடிதத்தில், ஏற்கெனவே பொது நாளைப் பின்பற்றும் நாடுகளின் பட்டியலில் ஆசியாவும் இருக்கிறது. ஆக, உங்கள் கேள்வியில் இருக்கும் மாற்றத்தை நிசேயா செய்யவேண்டிய தேவையே இருக்கவில்லை.

இரண்டாம் வழக்கு இன்னும் நுட்பமானது. ஞாயிறு என்று எல்லாரும் ஒப்புக்கொண்டாயிற்று. ஆனால் எந்தப் பௌர்ணமிக்குப் பிந்திய ஞாயிறு?

பன்னிரண்டு நிலவு மாதங்கள் சேர்ந்தால் 354 நாள். சூரிய ஆண்டுக்கு 11 நாள் குறைவு. தெலுங்கு, கன்னடப் பஞ்சாங்கங்களில் வரும் அதிக மாசத்தைப் போல, யூதர்களும் இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை ஒரு மாதத்தைக் கூட்டி இந்த இடைவெளியை அடைத்தார்கள். 70-இல் எருசலேம் கோயில் இடிக்கப்பட்டு மக்கள் சிதறியபின், ஊருக்கு ஊர் இந்தக் கணக்கு வேறுபட்டது. சில இடங்களில் பகலும் இரவும் சமமாகும் மார்ச்சு மாத நாளுக்கு முன்பே நிசான் 14 வந்துவிட்டது. சிரியா, மெசொப்பொத்தாமியா பக்கத்துக் கிறிஸ்தவர்கள் அதைப் பற்றிக் கவலைப்படவில்லை. பக்கத்தில் யூதர்கள் எப்போது பாஸ்கா கொண்டாடுகிறார்களோ, அதை அடுத்த ஞாயிறு நமக்கு விழா என்று இருந்தார்கள். அலெக்சாந்திரியாக்காரர்களோ, சம இரவு நாளுக்கு முன் வரும் பௌர்ணமி பாஸ்காப் பௌர்ணமியே அல்ல, நாமே கணக்கிடவேண்டும் என்றார்கள். 3-ஆம் நூற்றாண்டின் நடுவில் அலெக்சாந்திரியா ஆயர் தியோனீசியு இதை எழுதியே வைத்தார்.

நாமே கணக்கிடுவது என்றால் எப்படி? இங்கேதான் மேற்கும் கிழக்கும் திணறின. எட்டு ஆண்டுக்கு ஒருமுறை நிலவு பழைய இடத்துக்கு வரும் என்பது முதலில் கையாண்ட கணக்கு. எட்டு ஆண்டுக்கு 2922 நாள். 99 நிலவு மாதங்களுக்கு ஏறத்தாழ 2923½ நாள். எட்டு ஆண்டில் ஒன்றரை நாள் பிழை. ரோமில் இப்போலித்துவின் பெயரால் அறியப்படும் அட்டவணை 222-இல் தொடங்குகிறது. பதினாறு ஆண்டுச் சுழற்சி, மொத்தம் 112 ஆண்டுகள். அதை ஒரு சிலையின் இருக்கையில் கல்லில் வெட்டியே வைத்தார்கள். 1551-இல் அந்தச் சிலை கிடைத்தது. இன்று வத்திக்கான் நூலகத்தில் இருக்கிறது. கல்லில் வெட்டிய கணக்கு, ஒரு சுழற்சி முடிவதற்குள் வானத்தைவிட்டு மூன்று நாள் விலகிவிட்டது. வெட்டியவர்களின் நம்பிக்கையை நினைத்தால் எனக்கு மனம் கனக்கிறது.

சரியான வழியைக் கையில் எடுத்தவர் அலெக்சாந்திரியாவில் பிறந்து லவோதிக்கேயாவில் (முன்பு சொன்ன ஊர் அல்ல, சிரியாவில் அதே பெயர் கொண்ட ஊர்) ஆயரான அனத்தோலியு, 277-ஐ ஒட்டி. 19 சூரிய ஆண்டுகளும் 235 நிலவு மாதங்களும் ஏறத்தாழ இரண்டு மணி நேர வேறுபாட்டில் ஒன்றாக முடியும் என்பது பாபிலோனியரும் கிரேக்கரும் முன்பே கண்டது. அதைப் பாஸ்காக் கணக்கில் பொருத்தினார். பின்னால் அலெக்சாந்திரியா அதைத் திருத்தி, சம இரவு நாளை மார்ச்சு 21 என்று நிறுத்தியது. இன்றுவரை நாம் பயன்படுத்தும் கணக்கின் எலும்புக்கூடு இதுதான்.

இனி நிசேயா. 325-இல் ஏறத்தாழ முந்நூறு ஆயர்கள் கூடினார்கள். சங்கம் வகுத்த 20 சட்டங்களில் ஈஸ்டரைப் பற்றி ஒன்றுகூட இல்லை. 'சம இரவு நாளுக்குப் பின்வரும் முதல் பௌர்ணமியை அடுத்த ஞாயிறு' என்ற சூத்திரம் நிசேயாவின் வாசகம் என்று பாடப்புத்தகங்களே எழுதுகின்றன. நமக்குக் கிடைத்திருக்கும் சங்க ஆவணங்களில் அப்படி ஒரு வாசகம் இல்லை. இருப்பது அலெக்சாந்திரியாச் சபைக்குச் சங்கம் எழுதிய கடிதத்தில் ஒரு செய்தி: இதுவரை யூதர்களோடு சேர்ந்து கொண்டாடிய கிழக்கத்தியச் சகோதரர்கள் இனி ரோமரோடும் உங்களோடும் சேர்ந்து கொண்டாடுவார்கள். எந்த அட்டவணை, எந்த நாள் வரம்பு, எதுவும் அதில் இல்லை. எல்லாரும் ஒரே ஞாயிறு, யூதர் கணக்கைச் சாராத ஞாயிறு, அவ்வளவுதான் முடிவு.

கான்ஸ்டன்டைன் எழுதிய கடிதத்தின் தொனி வேறு. ஒரே நாளில் ஒரு சபை நோன்பிருக்க இன்னொரு சபை விருந்துண்பது அழகல்ல என்ற நியாயமான கவலை அதில் இருக்கிறது. அதோடு யூதர்களைப் பற்றி வெறுப்பு கக்கும் வரிகளும் இருக்கின்றன; அவர்களோடு நமக்குப் பொதுவாக எதுவும் இருக்கக்கூடாது என்கிறார். ஒரு நாட்காட்டிப் பிரச்சினை அரசாணையின் வழியாக ஒரு மக்களினத்தின் மீதான பகையாக மாறும் இடம் இது. கிறிஸ்தவன் என்ற முறையில் இந்த வரிகளை வாசிப்பது எனக்கு வலிக்கிறது. ஆனால் மறைத்துவிட்டு வரலாறு சொல்வது முறையல்ல.

சங்கம் முடிந்தும் சிரியா உடனே மாறவில்லை. 341-இல் அந்தியோக்கியாவில் கூடிய ஆயர்கள் தங்கள் முதல் சட்டத்திலேயே, நிசேயாவின் முடிவை மீறுவோரை விலக்குவதாக எழுதவேண்டியிருந்தது. 343-இல், இன்று சோபியா எனப்படும் செர்திக்காவில், கிழக்கத்திய ஆயர்கள் ஒரு பட்டியலை இணைத்தார்கள்: 328 முதல் 343 வரை யூதர்களின் பாஸ்கா விழுந்த நாட்கள். எல்லாமே மார்ச்சு மாதத்தில். நிசேயாவில் எதைப் பற்றித் தகராறு என்பதற்கு இந்தப் பட்டியலைவிடத் தெளிவான சான்று வேறில்லை. 387-ஐ ஒட்டியும் அந்தியோக்கியாவில் யோவான் கிறிசோஸ்தோம் பழைய வழக்கத்தை விடாதவர்களைக் கண்டித்துப் பிரசங்கிக்கிறார். யூதரைப் பற்றி அவர் அப்போது பேசியவை மன்னிக்கமுடியாதவை. ஆனால் அதே பேச்சில் ஒரு கூர்மையான வாதமும் வருகிறது: திருச்சபையின் கணக்கே தவறாக இருந்தாலும், நாளைத் துல்லியமாகப் பிடிப்பதால் வரும் நன்மையைவிடப் பிரிந்துபோவதால் வரும் தீமை பெரிது.

ரோமும் அலெக்சாந்திரியாவும் ஒன்றுபட்டனவா? இல்லை. நிசேயாவில் கைகோத்த இந்த இருவருமே வேறு வேறு அட்டவணை வைத்திருந்தார்கள். அலெக்சாந்திரியாவுக்கு 19 ஆண்டுச் சுழற்சி. ரோமுக்கு 84 ஆண்டுச் சுழற்சி. 84-இல் ஒரு வசதி உண்டு: அது 28-இன் மடங்கு என்பதால் கிழமைகளும் அப்படியே திரும்பும். நிலவுதான் ஒன்றேகால் நாளுக்கு மேல் விலகிப்போகும். நம் ஊரில் வாக்கியப் பஞ்சாங்கத்துக்கும் திருக்கணிதத்துக்கும் சனிப்பெயர்ச்சி வெவ்வேறு நாளில் வருவதைப் பார்த்தவர்களுக்கு இது விளங்கும். இரண்டு தரப்பும் வானத்தைத்தான் சொல்கிறார்கள், கணக்கு வேறு. ரோமுக்கு இன்னொரு தயக்கமும் இருந்தது: ஏப்ரல் 21-க்குப் பின் ஈஸ்டர் வரக்கூடாது. அந்த நாள் ரோம் நகரம் பிறந்த நாள். ஊரே கூத்தும் விருந்துமாக இருக்கும்போது கிறிஸ்தவர்கள் நோன்பிருக்க நேரும். ஆனால் அவர்கள் சொன்ன காரணம் அதுவல்ல. 349-இல் அலெக்சாந்திரியாவின் கணக்குப்படி ஏப்ரல் 23 வந்தது. பேதுருவிடமிருந்து எங்களுக்கு மரபு இருக்கிறது, அவ்வளவு தள்ளிப்போக முடியாது என்றார்கள் ரோமர். அலெக்சாந்திரியாவில் அப்போது அத்தனாசியு. ஐந்து முறை நாடுகடத்தப்பட்ட, எதற்கும் வளையாத மனிதர். இதில் வளைந்தார்; மார்ச்சு 26-ஐ ஏற்றார்.

அந்த அத்தனாசியு ஆண்டுதோறும் பாஸ்கா நாளை அறிவித்து எழுதிய சுற்றுமடல்களில் ஒன்று, 367-ஆம் ஆண்டு மடல். இன்று நம் கையிலிருக்கும் புதிய ஏற்பாட்டின் 27 நூல்களையும் கூட்டாமல் குறைக்காமல் பட்டியலிடும் பழைய ஆவணம் அதுதான். விழாத் தேதி சொல்ல எழுதிய கடிதத்தில் விவிலியத்தின் எல்லையே வரையப்பட்டிருக்கிறது.

387-இல் வித்தியாசம் மிகப் பெரிதாயிற்று. அலெக்சாந்திரியாவின் நாள் ஏப்ரல் 25, ஈஸ்டர் விழக்கூடிய கடைசி நாள். மேற்கில் பலர் ஒரு மாதத்துக்கு முன்பே கொண்டாடி முடித்துவிட்டார்கள். மிலானின் ஆயர் அம்புரோசு அலெக்சாந்திரியாவைப் பின்பற்றினார். அந்த ஏப்ரல் 24 இரவு மிலானில் ஞானஸ்நானத் தொட்டியில் இறங்கியவர்களில் ஒருவர் அகுஸ்தீன்.

417-இல் நடந்ததாகச் சொல்லப்படும் ஒரு கதையும் இதே வகைதான். ரோம் அந்த ஆண்டு மார்ச்சு 25-இல் கொண்டாடியது. அலெக்சாந்திரியாவின் நாள் ஏப்ரல் 22. சிசிலித் தீவில் மெல்தினாஸ் என்ற ஏழைக் குக்கிராமத்துக் கோயிலில் ஒரு ஞானஸ்நானத் தொட்டி இருந்தது. குழாயோ கால்வாயோ இல்லாத அந்தத் தொட்டி ஆண்டுதோறும் பாஸ்கா இரவில் தானாக நிரம்பும், சடங்கு முடிந்ததும் தானாக வற்றும் என்பது ஊர் நம்பிக்கை. மார்ச்சு 25 இரவு மக்கள் விடியவிடியக் காத்திருந்தார்கள், தண்ணீர் வரவில்லை, ஞானஸ்நானம் பெறவந்தவர்கள் திரும்பிப்போனார்கள். ஏப்ரல் 22 இரவு தொட்டி நிரம்பியது. இதை எழுதியவர் சிசிலி ஆயர் பஸ்காசினு, 444-ஆம் ஆண்டு ஈஸ்டர் குறித்துத் திருத்தந்தை லியோ கருத்துக் கேட்டபோது. ரோமின் அட்டவணை மார்ச்சு 26 என்றது, அலெக்சாந்திரியா ஏப்ரல் 23 என்றது. அலெக்சாந்திரியாதான் சரி என்று கணக்குப் போட்டுக் காட்டிவிட்டு, அதற்கு மேல் இந்தத் தொட்டியையும் சாட்சிக்கு அழைக்கிறார். அற்புதத்தை நீங்கள் நம்பலாம், நம்பாமலும் இருக்கலாம். எந்த நாள் உண்மையான நாள் என்று தெரியாமல் இருட்டில் தொட்டியைச் சுற்றி நின்ற அந்தக் கிராமத்தாரின் தவிப்பு மட்டும் பொய்யாக இருக்கமுடியாது. சங்கங்களும் கடிதங்களும் பேசுவது கடைசியில் அவர்களைப் பற்றித்தான்.

455-இல் மீண்டும் மோதல்: ரோமின் கணக்கில் ஏப்ரல் 17, அலெக்சாந்திரியாவில் ஏப்ரல் 24. லியோ பேரரசர் வரை எழுதிப்பார்த்தார். கடைசியில் ஏற்றுக்கொண்டார், வாதம் மனத்துக்கு ஒத்துவந்ததால் அல்ல, ஒற்றுமையையும் சமாதானத்தையும் நாடி.

மேற்கு முழுவதும் அலெக்சாந்திரியாவின் கணக்கைக் கொண்டுவந்தவர் ரோமில் வாழ்ந்த துறவி தியோனீசியு எக்சிகு. 525-இல் அவர் அலெக்சாந்திரியாவின் சிரிலு தயாரித்த அட்டவணையை எடுத்து, 532 தொடங்கி 95 ஆண்டுகளுக்கு நீட்டினார். பழைய அட்டவணையில் ஆண்டுகள் பேரரசர் தியோக்கிளேசியன் ஆட்சியேறிய காலத்திலிருந்து எண்ணப்பட்டிருந்தன. கிறிஸ்தவர்களைக் கொன்றவனின் பெயரைப் பாஸ்கா அட்டவணையில் சுமக்க மனமில்லாமல், ஆண்டவர் மனிதரான காலத்திலிருந்து எண்ணத் தொடங்கினார். நாம் இன்று பிறப்புச் சான்றிதழில் எழுதும் ஆண்டு எண் இந்த ஈஸ்டர் அட்டவணையின் ஓர் ஓரப் பத்தியில் பிறந்ததுதான்.

ஆக, தேதி ஏன் மாறுகிறது என்ற உங்கள் முதல் கேள்விக்கு இப்போது பதில் எளிது. கிழமை, நிலவு, சூரியன் மூன்றையும் ஒரே நாளில் பிடிக்க முயல்கிறோம். அதனால் ஈஸ்டர் மார்ச்சு 22-க்கும் ஏப்ரல் 25-க்கும் இடையில் எங்கும் விழலாம். பங்குனி உத்திரத்தை ஒட்டி வரும் அதே பௌர்ணமிதான் பல ஆண்டுகளில் பாஸ்காப் பௌர்ணமியும். 1582-இல் ரோம் நாட்காட்டியைத் திருத்தியபின், பழைய ஜூலியன் கணக்கில் நின்ற கிழக்கத்திய மரபுச் சபைகளோடு மீண்டும் இடைவெளி வந்தது. நிசேயாவின் 1700-ஆம் ஆண்டான 2025-இல் இரு தரப்புக்கும் ஏப்ரல் 20 பொதுவாக அமைந்தது. 2024-இலோ மேற்கில் மார்ச்சு 31, கிழக்கில் மே 5.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லி முடிக்கிறேன், ஏனென்றால் பொலிக்ராத்தஸின் குரல் இன்னொரு முறை கேட்பது அங்கேதான். அயர்லாந்துத் துறவிகள் பழைய 84 ஆண்டு அட்டவணையை விடாமல் வைத்திருந்தார்கள். இங்கிலாந்தின் வடக்கே நார்த்தம்பிரியாவின் அரசன் ஓஸ்வியு அவர்களிடம் கற்றவன். அரசி ஏன்பிளேட் தெற்கே கென்டிலிருந்து ரோம் வழக்கத்தோடு வந்தவள். சில ஆண்டுகளில் அரசன் உயிர்ப்பு விருந்தில் அமர்ந்திருக்க, அதே அரண்மனையில் அரசி இன்னும் ஈஸ்டருக்கு முந்திய ஞாயிறான குருத்து ஞாயிறில் நோன்பிருப்பாள் என்கிறார் வரலாற்றாசிரியர் பேடா. 664-இல் விட்பியில், ஹில்டா தலைமை தாங்கிய மடத்தில் விசாரணை. லிண்டிஸ்பார்ன் ஆயர் கோல்மன் யோவானையும் தம் மடத்து முன்னோன் கொலும்பாவையும் சாட்சிக்கு அழைத்தார். எதிரில் ரோம் வழக்கத்துக்காக வாதாடிய வில்பிரிட் பேதுருவை அழைத்தார். விண்ணரசின் சாவி பேதுருவிடம்தானே என்று அரசன் கேட்டான். கோல்மனும் ஆம் என்றார். வாசலில் நிற்பவரைப் பகைத்துக்கொள்ள மாட்டேன் என்று அரசன் தீர்ப்புச் சொல்லிவிட்டான். கோல்மன் அதற்கு மேல் வாதாடவில்லை. தமக்கு முன் லிண்டிஸ்பார்னில் ஆயராக இருந்த ஐடனின் எலும்புகளில் ஒரு பகுதியை எடுத்துக்கொண்டு, தம்மோடு வரச் சம்மதித்த துறவிகளோடு, கொலும்பாவின் மடம் இருந்த ஸ்காட்லாந்தின் அயோனாத் தீவுக்குப் போய்விட்டார்.

அயோனா மேலும் ஐம்பத்திரண்டு ஆண்டுகள் பழைய நாளிலேயே இருந்தது. 716-இல் அதை மாற்றியவர் எக்பர்ட் என்ற ஆங்கிலேயத் துறவி. மிரட்டாமல், அவர்களோடு வாழ்ந்து, பேசிப் பேசி மாற்றினார். 729-இல் அதே தீவில் முதுமையில் இறந்தார். ஈஸ்டர் ஞாயிறு அன்று, ஏப்ரல் 24. அந்தத் தீவில் அதற்கு முன் ஒருபோதும் ஈஸ்டர் கொண்டாடப்படாத தேதி அது என்று பேடா குறித்துவைத்திருக்கிறார். அன்று காலை பூசை முடித்துவிட்டுத்தான் கண்ணை மூடினார்.